ஐப்பசியை மாசி என்று வாசித்தேன்

1

“நர்ஸம்மா, கைக்கு காது கீதா? டாக்டர் பேசினா அது எப்டி கேக்கும்?”

என் கைக்குப் பேச்சால் வைத்தியம் நடக்கிறது என்று சொன்னபோது யூசுப் பாய் இதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். லண்டனில் கப்பல்துறையை ஒட்டிய ஒரு தெருவில் நான்கு மேசை போட்டுச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவர் அவர். சொந்த ஊர் மயிலாப்பூர். கப்பலில் சமையல்காரராக வந்து, ஒரு பயணத்தில் திரும்பி ஏறாமல் அங்கேயே நின்றுவிட்டார். மனைவி இன்னும் மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் எனக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடைக்குப் போவேன். சோறும் மீன்குழம்பும் போடுவார். அவருக்கு எழுத்து தெரியாது. வீட்டுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். மூன்று வருஷமாக இப்படித்தான் நடந்துவந்தது.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு. பாய்க்கு அப்போது ஒரு மாதமாக இருமல். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் நல்லா கீறேன்னு எழுதும்மா” என்றார்.

“நான்” என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. என் விரல்கள் நண்டுக் கொடுக்குப் போலப் பேனாவைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டன. திறக்கப் பார்த்தேன், அது வேறு யாருடைய கையோ போல் இருந்தது. கடைசியில் பாய்தான் ஒவ்வொரு விரலாக நிமிர்த்திப் பேனாவை எடுத்தார். விட்டவுடன் விரல்கள் மறுபடி மடங்கிக்கொண்டன.

“குளிரும்மா. வெந்நீர்ல வெச்சா சரியாப் பூடும்” என்றார்.

வெந்நீரில் வைத்தேன். சரியாகவில்லை.

2

நான் நொச்சிக்குப்பத்துப் பெண். அம்மா மீன் கூடையைத் தலையில் சுமந்து அடையாறு பங்களாக்கள் வரைக்கும் விற்றுவிட்டு வருவாள். வழியில் மயிலாப்பூரில் ஒரு கன்னிமாடத்துப் பள்ளிக்கூடமும் அவளுக்கு வாடிக்கை. அங்கே ஒரு நாள் கூடையோடு என்னையும் இறக்கிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். குப்பத்திலேயே அப்போது எனக்கு மட்டும்தான் எழுத்து தெரியும் என்று சொன்னாலும் தவறில்லை. பிறகு அடையாற்றில் ஒரு லேடி டாக்டரிடம் நர்ஸ் வேலை கற்றேன். ஏரியைத் தூர்த்து எழும்பிய தியாகராய நகரின் புது வீடுகளுக்கு அவரோடு பிரசவம் பார்க்கப் போயிருக்கிறேன். அவர் சிபாரிசில்தான் மருத்துவச்சிப் பட்டத்துக்குப் படிக்க லண்டன் போனேன். இதையெல்லாம் பெருமையாகவே சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை உண்டு என்று அப்போது நினைத்திருந்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்கள் கையைப் பார்த்தார்கள். ஊசியால் குத்தினார்கள். மணிக்கட்டுவரை எனக்குக் குத்துவதே தெரியவில்லை. கையுறை போட்டதுபோல் வட்டமாக ஒரு கோடு, அதற்கு மேல் எல்லாம் சரியாக உணர்ந்தது. “நரம்பு இப்படி வட்டமாக நின்றுபோகாது” என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். என்னோடு அறையில் தங்கியிருந்த பெண் இன்னொன்றும் சொல்லிவைத்தாள். நான் உறங்கும்போது அந்தக் கை நன்றாகத் திறந்து போர்வையை இழுத்துக்கொள்கிறதாம்.

அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. லண்டனில் எதற்கும் ஒரு படிவம் உண்டு. என் படிவத்தில் ‘நோயின் காரணம்’ என்ற இடத்தில் குமாஸ்தா எதுவும் எழுதாமல் தலைமை நர்ஸான மேட்ரனிடம் கொடுத்தார். மேட்ரன் அங்கே ஒரு கேள்விக்குறி போட்டாள்.

“பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கிறது” என்றாள். “அதற்குள் கை திறக்காவிட்டால் உனக்குப் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால் உன்னை இங்கே வைத்திருக்கக் காரணமும் இல்லை.”

நான் பாசாங்கு செய்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

3

வாரத்தில் இரண்டு நாள் மனோசிகிச்சை டாக்டர் ஒருவர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து அறைக்கு வருவார். பெரிய யுத்தத்தில் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர். காயமே இல்லாமல் பேச்சு நின்றவர்கள், கண் தெரியாமல் போனவர்கள், துப்பாக்கி பிடித்த விரல் நிமிராமல் போனவர்கள் எல்லாரும் அவர் கைக்கு வந்தவர்களாம். அவரிடம் பேச்சும் உண்டு, ஹிப்னாடிசமும் உண்டு.

ஹிப்னாடிசம் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு என்ன நினைவு வருமோ அதுதான் எனக்கும் வந்தது. மயிலாப்பூர்த் திருவிழாவில் கூடாரம் போட்டு, ஒரு பெண்ணைக் கண்ணைக் கட்டி உட்காரவைத்து, கூட்டத்தில் யார் பையில் என்ன இருக்கிறது என்று சொல்லவைப்பான் ஒருவன். என்னையும் அப்படி ஆட்டிவைக்கப் போகிறாரோ என்று பயந்தேன். உட்காருவதற்கு முன்பே, “என் சம்மதமில்லாமல் என் வாயிலிருந்து எதையும் வரவழைக்கக் கூடாது” என்று சொன்னேன்.

“வரவழைக்கவும் முடியாது” என்றார். “சம்மதமில்லாதவரை யாரும் மயக்க முடியாது. வேண்டாம் என்று தோன்றினால் கண்ணைத் திறந்துகொள். அவ்வளவுதான்.”

நாற்காலியில் சாய்ந்தேன். கண் மூடச் சொன்னார். மூச்சைக் கவனிக்கச் சொன்னார். குரலைத் தாழ்த்தி மெல்லப் பேசினார்: “நீ ஒரு கடற்கரையில் படுத்திருக்கிறாய். மணல் வெதுவெதுப்பாக இருக்கிறது. அலைகள் வந்து வந்து போகின்றன. உனக்கு ஒரு கவலையும் இல்லை.”

அந்த ஊர்க்காரர்களுக்குக் கடற்கரை ஓய்வெடுக்கப் போகும் இடம். என் உடம்போ உடனே விறைத்துக்கொண்டது. எங்கள் கரையில் யாரும் படுப்பதில்லை. அங்கே நின்றுகொண்டு, போன கட்டுமரங்களில் எத்தனை திரும்பியிருக்கிறது என்று எண்ணுவோம். அந்த நாற்காலியிலும் நான் எண்ண ஆரம்பித்துவிட்டேன். என் மூச்சு ஓடுவதைப் பார்த்து டாக்டர் நிறுத்தினார்.

“எங்கே போய்விட்டாய்?”

“வேலைக்கு” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தான் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். “உனக்கு உண்மையிலேயே பயமில்லாத இடம் எது? நீ சொல், நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.”

நெடுநேரம் யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பெஞ்சு என்றேன். ஜன்னல் ஓரம். மத்தியானம். கரும்பலகை அப்போதுதான் துடைக்கப்பட்டிருக்கும்.

அடுத்த முறை அவர் அந்த பெஞ்சிலிருந்து தொடங்கினார். மூச்சு அடங்கியது. நான் உறங்கவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். வெளியே வண்டி போகும் சத்தம் கேட்டது. டாக்டர் நாற்காலியை நகர்த்துவது தெரிந்தது. ஆனால் அதெல்லாம் அடுத்த வீட்டில் நடப்பதுபோல் இருந்தது. “விரல்கள் தாமாகத் திறக்கும்” என்றார். திறந்தன. கண்ணைத் திறந்து என் உள்ளங்கையைப் பார்த்து அழுதேன்.

அறையை விட்டு வெளியே வந்து மாடிப்படியின் கைப்பிடியைப் பிடிக்கப் போனபோது மறுபடி மூடிக்கொண்டன.

4

இப்படி இரண்டு வாரம் போயிற்று. நாற்காலியில் கை திறக்கும், வாசற்படியில் மூடும். மயக்கத்தால் மட்டும் ஆகாது என்று டாக்டரே சொன்னார். “பூட்டு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கலாம்.”

அன்றும் அந்த பெஞ்சில் உட்காரவைத்தார். கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். நாடி பார்க்கும்போது ஆங்கிலத்தில்தான் எண்ணுகிறேன்; கனவில்கூட நோயாளிகள் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். அந்த ஆங்கிலம் எல்லாம் சுத்தமாக, ஒரு நர்ஸ் கொடுக்கும் அறிக்கை மாதிரி இருந்தது. டாக்டர் குறுக்கிட்டார்.

“உன் பாஷையில் சொல்.”

“உங்களுக்குப் புரியாதே.”

“எனக்குப் புரிய வேண்டிய அவசியமில்லை.”

பல வருஷமாக நான் பேசாத குப்பத்துப் பேச்சு, நானே திடுக்கிடும்படி வந்தது. “வளையல் போட்டுக்கினு கீறேன்” என்றேன். “அக்காவுக்கு வளையல் போட்டுக்கினு கீறேன்.”

5

எனக்கு அப்போது பதினாறு வயது. என் அக்கா கன்னியம்மாவின் புருஷன் வைகாசியில் ரங்கூன் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். கார்த்திகை ஆரம்பத்தில் அக்காவுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு. குப்பத்துப் பெண்களெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் கூடியிருந்தார்கள். தட்டில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள். தலை நிறையப் பூவோடு அக்கா நடுவில் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் ரங்கூன் கடிதத்தைக் கொண்டுவந்தார்.

“மாமா கடுதாசி பாரு, நாள் பாத்து வந்துகீது” என்று ஒருத்தி கூவினாள். “ஏ படிச்ச பொண்ணு, சத்தமா படி. நாங்களும் கேக்குறோம்.”

“மெதுவா படிடி” என்றாள் அக்கா. “இன்னான்னா எழுதிக்கீதோ அந்த ஆளு.”

அனுப்பியது மாமா இல்லை. அவரோடு வேலை செய்த ஒருவர். மாமா காலராவில் இறந்துபோனார், ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள், அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்று நாலே வரி.

எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தாளைப் பார்த்தபடியே வாசித்தேன்: “நான் நல்லா இருக்கிறேன். உள்நாட்டில் ஒரு அரிசி மில்லுக்குப் போகிறேன். அங்கிருந்து கடிதம் வரத் தாமதமாகும்.” வாசித்துவிட்டு மடித்து என் பாவாடையில் சொருகிக்கொண்டேன். பிறகு வரிசையில் நின்று, என் முறை வந்ததும், இந்த வலக்கையால் அக்காவின் கையில் வளையல் போட்டேன்.

புருஷன் போனவளுக்கு வளையல் போடுவதென்றால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று நம் ஊர்ப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளை பிறக்கும்வரைதான் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது சுலபமாக இருந்தது. சரிபார்க்க இன்னொருவருக்கு எழுத்து தெரியாதே. அக்கா பதில் எழுதச் சொன்னாள். “எழுதுடி. இன்னா பெரிய கப்பல் தொரன்னு நெனப்பா? ஊர் விட்டுப் போனா பொண்டாட்டி மறந்துடுமா? போற அன்னிக்கி என்னை அடிச்சுட்டுப் போனியே, அதையாவது நெனச்சுக்கினு கீறியா? எழுதினியா?”

“எழுதிட்டேன்க்கா.”

செத்துப்போனவரைத் திட்டி அவள் சொன்ன வரிகளையெல்லாம் எழுதினேன். தபாலில் போடவில்லை. மார்கழியில் மாமா எழுதியதாக ஒரு பதிலை நானே எழுதி, பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு வந்தது என்று சொல்லி வாசித்தேன். அதில், “இந்தக் கையால் உன்னை அடித்தேன். நினைத்தால் கூசுகிறது. மன்னித்துக்கொள்” என்று எழுதியிருந்தேன். அவர் உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் சொல்லாத சொல் அது. அக்கா கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி, எழுத்து தெரியாவிட்டாலும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையில் அஞ்சலை பிறந்தாள். பங்குனியில், அன்றுதான் வந்ததுபோல், அந்தப் பழைய கடிதத்தை எடுத்து வாசித்தேன். எழுதியிருந்தபடியே வாசித்தேன், ஒரு சொல்லைத் தவிர. ஐப்பசி என்பதை மாசி என்று மாற்றினேன்.

அன்றிலிருந்து ஒன்பது வருஷமாக அக்கா மாசி அமாவாசைக்கு மறுநாள் படையல் போட்டுத் திதி கொடுக்கிறாள். ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் அவர் பேரைச் சொல்லி யாரும் ஒரு வாய்த் தண்ணீர்கூட விட்டதில்லை. மார்கழிக் கடிதம் இன்னும் அவள் தகரப் பெட்டியில் இருக்கிறது. “உங்க நைனா அடிச்சாலும் மன்னிப்பு கேட்ட ஆளு” என்று சொல்லித்தான் அஞ்சலையை வளர்க்கிறாள்.

6

இதையெல்லாம் தமிழில் சொல்லி முடித்து, பிறகு ஆங்கிலத்திலும் டாக்டருக்குச் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. ஒன்றுதான் கேட்டார்.

“அந்த மன்னிப்புக் கடிதம் இப்போதும் உன் அக்காவிடம் இருக்கிறதா?”

“இருக்கிறது.”

“அப்படியானால் நீ அதை இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாய்.”

அக்காவிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அதில் தனக்கு வேலையில்லை, நான்தான் தீர்மானிக்க வேண்டும் என்றுவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. மருந்து கேட்டால் கேள்வி கொடுக்கிறாரே என்று நினைத்தேன்.

குப்பத்தில் ஒரு பெண்ணுக்குக் கை கால் இழுத்துக்கொண்டால் பூசாரியைக் கூப்பிடுவார்கள். அவர் உடுக்கை அடித்து, “நீ யாரு, எங்கேர்ந்து வந்தே, ஒனக்கு இன்னா வேணும்?” என்று கேட்பார். படித்த பிறகு நான் அதைக் கேலி செய்திருக்கிறேன். இந்த டாக்டரும் என் கையிடம் ஏறக்குறைய அதைத்தான் கேட்டார். ஆனால் இங்கே சுற்றிக் கூட்டம் இல்லை. வந்தது எதுவோ அதை விரட்டுவதாகவும் அவர் சொல்லவில்லை. அது என்னுடையது, நான்தான் அதோடு இருந்தாக வேண்டும் என்றார்.

வீட்டில் சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு, தலைவலி என்றும் மார்வலி என்றும் வைத்தியர் வைத்தியராகப் போகிற பெண்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அவர்களை அடையாற்றிலேயே பார்த்திருக்கிறேன். மருந்துப்புட்டியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவர்களில் ஒருத்தியிடமாவது எப்போதிலிருந்து என்று நான் கேட்டதில்லை. இந்தச் சிகிச்சை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்ல மாட்டேன். என் துக்கம் குறையவில்லை. முன்பு கையில் இருந்தது இப்போது நெஞ்சில் இருக்கிறது. அங்கே இருப்பதுதான் சரி என்றுமட்டும் தோன்றுகிறது.

7

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாய் கடைக்குப் போனேன். இருமல் அதிகமாகியிருந்தது. எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுத் தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“அப்ப அன்னிக்கி நான் சொன்ன வார்த்தையிலதான் கை மாட்டிக்கிச்சா?”

“ஆமாம் பாய்.”

“நான் நல்லாதான் கீறேன்.”

அவர் இருமினார். கைக்குட்டையை என் பார்வையில் படாமல் மடித்துவைத்தார். நர்ஸிடம் மறைக்கப் பார்க்கிறார்.

“சரி, எடு தாளை” என்றார். “ஒடம்பு நல்லால்லன்னு எழுது. நெஞ்சு வலிக்குதுன்னு எழுது. ஊருக்கு வந்துடலாமான்னு யோசிச்சுக்கினு கீறேன்னு எழுது. அழுவப் போறா. அழுவட்டும்.”

பேனாவை எடுத்து விரல்களுக்கு நடுவே இடக்கையால் சொருகினேன். கோணல் கோணலாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தாக வந்தது. ஆனால் வந்தது. ஒரு பக்கம் முழுவதும் வந்தது.

பாய் தாளை வாங்கிப் பார்த்தார். “கைக்கு காது கீது போல” என்றார்.

அந்த வாரமே அக்காவுக்கு நாலு பக்கம் எழுதினேன். வளையல், மார்கழிக் கடிதம், மாசி, எதையும் விடவில்லை. கப்பல் தபாலில் சேர்ப்பதற்கு முன் பாயிடம் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது.

“யாரு படிச்சுக் காட்டுவா ஒங்க அக்காவுக்கு?”

“அஞ்சலை. நான் படித்த பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். நன்றாக வாசிப்பாள்.”

“ஒம்போது வயசா?” என்றார். “அம்மா மூஞ்சிக்கு நேரா உக்காந்துக்கினு அது இத்தப் படிக்கணுமா? அப்பால அது கை மாட்டிக்கினா அத்த எந்த டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போறது?”

கடிதத்தை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். இத்தனை படித்தும் எனக்கு அது தோன்றவில்லை.

8

பரீட்சையை வலக்கையால் எழுதினேன். முடிவு இன்னும் தெரியாது. எழுதி முடித்த மறுநாள் விடுமுறைக்கு விண்ணப்பம் கொடுத்தேன். காரணம் என்று கேட்ட இடத்தில் ‘குடும்பத்தில் மரணம்’ என்று நானே எழுதினேன். எப்போது என்று குமாஸ்தா கேட்டார். ஒன்பது வருஷத்துக்கு முன் என்றேன். அவர் பேனா அப்படியே நின்றது. அதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மேட்ரன் கூப்பிட்டனுப்பி, “போனால் திரும்பி வரும்போது இடம் இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது” என்றாள். வாக்கு வேண்டாம் என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலை வேளைகளில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் இன்னும் மரத்துத்தான் போகின்றன. தேய்த்துவிட்டுக்கொள்கிறேன். டாக்டரிடம் மூன்றாவது பெஞ்சுக்குத் தனியாகப் போய்வரக் கற்றுக்கொண்டேன். மூச்சு முட்டும்போது கண்ணை மூடி அங்கே உட்காருகிறேன்.

அக்கா கதவைச் சாத்திக்கொள்ளலாம். அந்த மார்கழிக் கடிதத்தை என் முகத்தில் வீசலாம். வீசாமல் பெட்டியிலேயே வைத்துக்கொள்வேன் என்று சொன்னால் அதைத் தாங்குவதுதான் எனக்குக் கடினம். அவளுக்கு இருப்பது ஒரே ஒரு நல்ல நினைவு. அதை எடுத்துவிடத்தான் நான் போகிறேன். அது சரிதானா என்று டாக்டரும் சொல்லவில்லை, பாயும் சொல்லவில்லை. ஆனால் ஐப்பசியில் போனவருக்கு மாசியில் சோறு போடுகிறாள் என்பதை அவளைத் தவிர எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. இதை அச்சிடும் பத்திரிகைக்காரர்களிடம், பங்குனி கழியும்வரை வெளியிட வேண்டாம் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். அக்கா என் வாயிலிருந்துதான் கேட்க வேண்டும்.

அஞ்சலைக்கு ஒரு கார்டுமட்டும் போட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை சத்தமாக வாசிக்கக் கூடியது: ‘சித்தி ஊருக்கு வருகிறேன். மாசி அமாவாசைக்கு முன் வந்துவிடுவேன். நான் வரும்வரை திதிக்கு ஒன்றும் வாங்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்.’

ரங்கூன் கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருக்கிறது, எழுத்து நன்றாகத் தெரிகிறது. தினமும் ஒருமுறை எடுத்து, ஐப்பசி என்று இருக்கும் இடத்தில் ஐப்பசி என்றே வாய்விட்டு வாசித்துப் பார்க்கிறேன். நான் ஏறிய கப்பல் நேற்று ஏடன் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது.